உஷார்! மனுப் போட்ட 31ஆம் நாள்

ஊராட்சிக்கோ பேரூராட்சிக்கோ நகராட்சிக்கோ ஆர்.டி.ஐ. மனுப் போட்டுவிட்டு, "இன்னும் பதில் வரல, வரட்டும் பாத்துக்கலாம்" என்று இருக்கிறீர்களா? இதை மேலே படிப்பதற்கு முன்னால் எழுந்து போய்க் காலண்டரைப் பாருங்கள். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். தாண்டிவிட்டதா? அப்படியானால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "தர மாட்டோம்" என்பதே அந்தப் பதில். காகிதத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

இது என் வியாக்கியானம் இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 7(2) அப்படித்தான் சொல்கிறது. குறித்த காலத்துக்குள் பொதுத் தகவல் அலுவலர் முடிவு சொல்லாவிட்டால் அவர் மறுத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் 30 நாள்தான் தருகிறது பிரிவு 19(1). அந்த 30 நாள் எப்போது தொடங்குகிறது தெரியுமா? நீங்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே, 31ஆம் நாள் காலையில், யாரும் சொல்லாமல் தொடங்கிவிடுகிறது. நீங்கள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறீர்கள். உங்கள் உரிமை கொல்லைப்புறமாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

பல வருஷமாக அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்த மனுக்களை எழுதிக் கொடுத்து வருகிறேன். அலுவலகம் வலுவான காரணம் சொல்லி மறுத்து அதனால் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தேதியில் தோற்றவர்கள்தான் ஏராளம். ஆறு மாதம் கழித்து ஒரு மஞ்சள் பையில் மனு நகலை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, இன்னும் ஒண்ணும் வரலப்பா" என்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு வயிற்றைப் பிசையும்.

தேதி போட்டே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனு ஜூன் 3 அன்று அலுவலகத்தில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 3க்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் ஆகஸ்ட் 2க்குள் முதல் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். அதே துறையில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே இருக்கும் அதிகாரிக்குத்தான் அதை அனுப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. ஜூலை 20 அன்று அது சேர்ந்தது என்றால் ஆகஸ்ட் 19க்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். காரணத்தை எழுதி வைத்துவிட்டு மொத்தம் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவருக்கு இடமுண்டு. அவரும் வாய் திறக்கவில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அதற்கு 90 நாள். 45 நாள் கணக்கை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஆகஸ்ட் 19இலிருந்தே எண்ணுங்கள். நவம்பர் 17 வருகிறது. இந்த நான்கு தேதிகளையும் மனு சேர்ந்தது தெரிந்த அன்றைக்கே காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுங்கள்.

கெடு தவறிவிட்டால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிக் கேட்கலாம் என்று சட்டம் ஒரு கதவை வைத்திருக்கிறது. அதைத் திறப்பதும் திறக்காததும் அதிகாரி கையில். அதைவிட, அதே தகவலைக் கேட்டு இன்னொரு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் புது மனுவே போட்டுவிடுங்கள். தடை எதுவும் இல்லை. போனது போகட்டும் என்று விட்டுவிடத்தான் கூடாது.

இந்த இடத்தில் எத்தனையோ பேரை ஏமாற்றுவது ஒரு நல்ல வார்த்தை. "நாளைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்." சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. உள்ளபடியே எடுத்துத் தர நினைக்கும் எழுத்தராகவும் இருக்கலாம். ஆனால் அந்த நாளை பத்துத் தடவை வந்தால் உங்கள் மேல்முறையீட்டுக் காலத்தில் பத்து நாள் போய்விட்டது. எங்கள் தெருவில் ஓர் அக்கா, வீட்டு வரி விதிப்பு நகலுக்காக இப்படி நடந்து நடந்து 70 நாளைத் தொலைத்தார். வாயால் சொன்ன எதற்கும் ஆணையத்தில் மதிப்பு இல்லை. போய்ப் பாருங்கள், பேசுங்கள், மரியாதையாகவே பேசுங்கள். கெடு தேதி வந்ததும் மேல்முறையீட்டையும் போடுங்கள்.

அடுத்த உஷார், எனக்கே நேர்ந்தது. எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோடு முதல் மழையிலேயே பெயர்ந்து ஜல்லி தெரிந்தது. எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், எம்-புக், பில் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு எழுதினேன். 49ஆம் நாள் ஒரு தபால் வந்தது. 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 92 ரூபாய் கட்டிப் பெற்றுக்கொள்ளவும் என்று இருந்தது. 30 நாள் தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும், பிரிவு 7(6). எனக்கு அது தெரியும். அந்தத் தெம்பில் நேராக மேல்முறையீட்டுக்குப் போனேன். விசாரணை அன்று அலுவலகத் தரப்பு தங்களிடம் இருந்த நகலை எடுத்து நீட்டியது. கடிதத்தில் போட்டிருந்த தேதி, மனு கிடைத்த 25ஆம் நாள். அனுப்புகைப் பதிவேட்டிலும் அதே தேதி. "நாங்க முப்பது நாளுக்குள்ள பதில் குடுத்துட்டோம், இவர்தான் பணம் கட்டல."

கட்டணக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே அந்த ஒரு தேதி நின்றுவிட்டால் தாமதம் முழுவதும் என் தலையில். கடிதம் உண்மையில் என்று தபாலில் சேர்க்கப்பட்டது என்பதைக் காட்ட ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது: உறையின் மேல் விழுந்த அஞ்சல் முத்திரை. உறையை நான் கிழித்துப் போட்டிருந்தேன். அது பழைய பேப்பர்காரரோடு போய்விட்டது.

அன்றையிலிருந்து வந்த கடிதத்தை உறையோடு சேர்த்துப் பின் அடித்து வைக்கிறேன். உறையின் மேல் கிடைத்த தேதியைப் பேனாவால் எழுதி, முத்திரை தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். நீங்களும் இன்றே ஆரம்பியுங்கள். நாம் அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். நேரில் கொடுத்தால் நம் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் படி இறங்காதீர்கள். ஸ்பீடு போஸ்ட் என்றால் ரசீதை மட்டும் நம்பாதீர்கள். அது வெயில் பட்டு வெளுத்துப்போகும் காகிதம். அதை நகல் எடுங்கள். சேர்ந்துவிட்டது என்று காட்டும் ட்ராக்கிங் பக்கத்தையும் அந்த வாரமே அச்சு எடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அந்த விவரம் கிடைக்காது.

பிறகு பணம் கட்டி எம்-புக் நகலை வாங்கினேன். ஓவர்சீயர் அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகம் அது; பில் தொகை அதிலிருந்துதான் பிறக்கிறது. எங்கள் ரோட்டுக்கு அதில் ஒரே ஒரு வரி: நீளம் 60.00, அகலம் 3.00, கனம் 0.15. அந்தக் காகிதத்தோடு தெருவுக்குப் போய், மழை அரித்திருந்த ஓரத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் ஸ்கேலை வாங்கி வைத்துப் பார்த்தோம். 9 சென்டிமீட்டருக்கு மேல் எங்கும் ஏறவில்லை. ஏட்டில் 27 கன மீட்டர் கான்கிரீட். தரையில் கணக்குப் போட்டால் 16 கன மீட்டர் சொச்சம். மீதி எங்கே போனது என்று அந்தப் பையனே கேட்டான். இத்தனை விஷயமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்பதால்தான் எம்-புக் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வருவதில்லை. எஸ்டிமேட்டைத் தருவார்கள், தீர்மான நகலைத் தருவார்கள், இதை மட்டும் விட்டுவிடுவார்கள். கைக்கு வந்த கட்டை எண்ணிப் பாருங்கள். கேட்டதில் ஒன்று குறைந்தாலும் அது அரைகுறைப் பதில். மேல்முறையீட்டுக்கு அதுவே போதும்.

நகல் மட்டும் என்று நின்றுவிடவும் வேண்டாம். பிரிவு 2(ஜே) நேரில் போய்ப் பணியையும் ஆவணத்தையும் பார்வையிடும் உரிமையையும், குறிப்பெடுக்கும் உரிமையையும் தருகிறது. பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கும் உரிமைகூட அதில் இருக்கிறது. ஆவணம் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பார்த்து முடித்ததும் ஒரு தாளை நீட்டுவார்கள். "கோரிய தகவல்கள் அனைத்தும் பார்வையிட்டு, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்." கையெழுத்துப் போட்டால் மனு அங்கேயே முடிந்த மாதிரிதான். அதன்பிறகு மேல்முறையீட்டில் வாதாடுவது கடினமாகிவிடும். எந்தக் கோப்பு, எத்தனை பக்கம் பார்த்தீர்கள், எது காட்டப்படவில்லை என்பதை உங்கள் கைப்பட எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி கேட்கும் விதத்திலும் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் விடவில்லை?" என்று எழுதினால், இது விளக்கம் கோருவது, தகவல் ஆகாது என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத் தந்தால் போதும், இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே மேல்நிலைத் தொட்டி இயக்கிய பதிவேடு, மோட்டார் பழுதுபார்த்த வவுச்சர், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்று கேளுங்கள். ஏன் என்பதற்கான விடை தானே அதில் வந்து உட்கார்ந்திருக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, பிரிவு 6(2).

இன்னொரு குழி. பதில் வரவில்லை என்ற கோபத்தில் சிலர் மேல்முறையீடே செய்யாமல் தகவல் ஆணையத்துக்கு நேராகப் புகார் எழுதிவிடுகிறார்கள். பிரிவு 18இல் புகார் உண்டு, உண்மைதான். அதில் அலுவலருக்குத் தண்டம் விழலாம், நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய். ஆனால் அந்தப் புகாரில் "தகவலைக் கொடு" என்று ஆணையம் உத்தரவிட முடியாது. மணிப்பூர் மாநில வழக்கு ஒன்றில் 2011 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தகவல் வேண்டுமென்றால் பிரிவு 19 வழியாகத்தான் போக வேண்டும். புகார் போய் எண் விழுந்து விசாரணைக்கு வரும்போது மேல்முறையீட்டுக் காலம் செத்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

இவ்வளவும் பழைய குழிகள். இப்போது புதிதாக ஒன்றைத் தோண்டியிருக்கிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான்.

சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு தனிநபர் தகவலைப் பற்றியது. முன்பு அது எப்படி இருந்தது? பொதுக் காரியத்தோடு தொடர்பில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தகவலை மறுக்கலாம். அதிலும் பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் கூடவே இருந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இந்த வேலியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது அங்கே மிஞ்சியிருப்பது, தனிநபர் தொடர்பான தகவல் என்ற சொற்கள் மட்டும்.

இதன் பொருள் என்ன என்பதை ஊர் மட்டத்தில் யோசியுங்கள். வீடு கட்டும் திட்டப் பயனாளி பட்டியலில் இருப்பது ஆட்களின் பெயர். பில்லில் இருப்பது காண்டிராக்டரின் பெயர். எம்-புக்கில் இருப்பது ஓவர்சீயரின் கையெழுத்து. எதைத்தான் தனிநபர் தகவல் என்று சொல்ல முடியாது? 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஊர்க் கூட்டத்தில் கூலிப் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்துத்தான் வேலைக்கே வராதவர்களின் பெயரில் பணம் எடுத்ததை வெளியே கொண்டுவந்தது. இந்தச் சட்டத்தின் வேர் அந்தப் பெயர் வாசிப்பில்தான் இருக்கிறது. பெயரை மூடிவிட்டால் செத்தவர் கணக்கில் வீடு கட்டினாலும் யாருக்குத் தெரியும்?

"8(1)(ஜே)ன்படி வழங்க இயலாது" என்று கடிதம் வந்தால் பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். பிரிவு 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிறது அது. காரணம் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் பெயர் வரும் ஆவணத்தைக் கேட்கும்போது மட்டும் பொதுநலனை மனுவிலேயே இரண்டு வரி எழுதி வையுங்கள், மேல்முறையீட்டில் கைகொடுக்கும். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தையும், சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரத்தையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்று பிரிவு 4(1)(பி) சொல்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

அடுத்தது, கோப்பு. தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பொறுப்பு கைமாறும் காலம்தான் ஆவணங்களுக்கு ஆபத்தான காலம். முந்தைய காலத்து வேலையைப் பற்றிக் கேட்டால் "கோப்பு கண்டறிய இயலவில்லை" என்று பதில் வரும். கோப்பைக் காணோம் என்பது சட்டம் ஒப்புக்கொண்ட விலக்குகளில் ஒன்று இல்லை. இருந்த ஆவணத்தைக் காணோம் என்று சும்மா சொல்லிவிட முடியாது, தேட வேண்டும், தொலைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இதைக் குறிப்பிட்டு, கடைசியாக யார் பொறுப்பில் கோப்பு இருந்தது என்று கேளுங்கள். பழைய வேலை எதையாவது கேட்க நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் இந்த வாரமே கேளுங்கள். கிராம சபையில் வைக்கும் வரவு செலவுப் பட்டியலையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் சபை கூட வேண்டும். அங்கே வாசித்த தொகையும் பில்லில் உள்ள தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியாகச் சொன்னாலும் இது சின்ன விஷயம் இல்லை: உங்கள் உயிர். புதுக்கோட்டை மாவட்டத்தில் சட்டவிரோத கல்குவாரிகளுக்கு எதிராகப் புகார் கொடுத்துப் போராடிய ஜகபர் அலி 2025 ஜனவரி 17 அன்று லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மணல், கல், பெரிய டெண்டர் என்று பணம் புரளும் இடத்தைத் தொடுகிறீர்கள் என்றால் தனி ஆளாக மனுப் போடாதீர்கள். ஒரே கேள்வியை நான்கைந்து பேர் தனித்தனி மனுவாக அனுப்புங்கள். வீட்டு முகவரிக்குப் பதிலாகத் தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. மனுப் போட்ட மறுவாரமே சம்பந்தப்பட்ட காண்டிராக்டரிடமிருந்து "என்ன தம்பி, நம்ம மேல என்ன கோவம்?" என்று போன் வந்தால் அதை நட்பு விசாரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பெயர் அலுவலகத்திலிருந்து வெளியே போயிருக்கிறது. தேதி, நேரம், எண் குறித்து வையுங்கள். மிரட்டல் என்று பட்டால் அன்றே எழுத்தில் போலீஸுக்குப் புகார் கொடுங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நானே ஆர்.டி.ஐ. போட்டுத் தர்றேன்" என்று வரும் ஆட்களிடமும் ஜாக்கிரதை. உங்கள் பெயரில் மனு போகும்; அதைக் காட்டிக் காண்டிராக்டரிடம் பணம் வாங்குவது வேறொருவராக இருக்கும். மாட்டிக்கொள்வது நீங்கள்.

வரி நகலுக்காக நடந்த அந்த அக்கா போன மாதம் புது மனுப் போட்டார். இந்தத் தடவை அவர் வீட்டுக் காலண்டரில் நான்கு வட்டம் இருக்கிறது. முதல் வட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. மேல்முறையீட்டை நேற்றே எழுதி, கையெழுத்துப் போட்டு, உறைக்குள் வைத்து, பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். புதன்கிழமை காலை தபால் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக அவர் அங்கே நிற்பார்.